உயர்தர இசை ஸ்ட்ரீமர்: கருவிக்கு முன் சேவையைத் தேர்ந்தெடுப்பது அவசியம்

புதுதில்லி: வீட்டில் இசை கேட்பதற்கெனத் தனியாகத் தயாரிக்கப்படும் 'மியூசிக் ஸ்ட்ரீமர்' கருவிகள், இந்தியச் சந்தையில் சில பத்தாயிரம் ரூபாய் முதல் பல லட்சம் ரூபாய் வரையிலான விலைகளில் கிடைக்கின்றன. எனினும், விலை உயர்ந்த கருவியை வாங்கிய பின்னரும், ஸ்பீக்கரை வந்தடையும் இசை சாதாரணத் திறன்பேசியின் தரத்தைத் தாண்டாமல் போக வாய்ப்புண்டு. தேர்ந்தெடுத்த இசைச் சேவை, கருவி ஏற்கும் இணைப்பு முறை, கவனிக்கப்படாமல் விடப்பட்ட ஓர் அமைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே அதற்குப் போதுமானது.

இத்தகைய கருவியை வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை குறித்தும், வாங்கிய பின் வீட்டில் செய்ய வேண்டியவை குறித்தும் விளக்குகிறது இக்கட்டுரை.

ஸ்ட்ரீமர் என்ன செய்கிறது?

இணையத்திலிருந்தோ வீட்டில் உள்ள சேமிப்பகத்திலிருந்தோ இசைக் கோப்பைப் பெற்று, அதை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவியே ஸ்ட்ரீமர். குறுந்தகடு இயக்கி முன்பு செய்துவந்த பணியை இது செய்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லின் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் 'கிளைமேக்ஸ் டிஎஸ்' என்ற ஸ்ட்ரீமரை அறிமுகப்படுத்தியது. இரண்டே ஆண்டுகளில், 2009-இல், குறுந்தகடு இயக்கிகளின் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. அதன் பின்னர் பிற நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின.

ஸ்ட்ரீமரில் திறன்பேசியின் பங்கு பெரும்பாலும் ரிமோட் கருவியின் பங்குதான். பாடலைத் தேர்ந்தெடுத்து ஆணை பிறப்பித்ததும், ஸ்ட்ரீமரே சேவையின் சர்வரைத் தொடர்புகொண்டு இசையை நேரடியாகப் பெறுகிறது. இதனால் இடையில் தொலைபேசி அழைப்பு வந்தாலும் பாடல் நிற்பதில்லை. திறன்பேசி வழியாக ஒலியை மறுபடியும் சுருக்கி அனுப்பும் தேவையும் எழுவதில்லை.

எண்கள் உணர்த்துவது என்ன?

1982-இல் அறிமுகமான குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதிகிறது. இது விநாடிக்கு 1,411 கிலோபிட் தரவாகும். இதற்கு மேற்பட்ட தரத்தையே 'ஹை-ரெசல்யூஷன்' என்கின்றனர். அதன் உச்சமாக 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவு குறிப்பிடப்படுகிறது.

எம்பி3 போன்ற வடிவங்கள், காதுக்கு எளிதில் புலப்படாதவை எனக் கணிக்கப்படும் பகுதிகளை நீக்கிக் கோப்பைச் சுருக்குகின்றன. இவற்றின் வழக்கமான உயர்ந்தபட்ச வேகம் விநாடிக்கு 320 கிலோபிட். ஃபிளாக், ஆப்பிளின் அலாக் ஆகியவை 'இழப்பற்ற' வடிவங்கள். இவையும் கோப்பைச் சுருக்கினாலும், இயக்கும்போது மூலத்தில் இருந்த ஒவ்வோர் எண்ணும் மாறாமல் திரும்பக் கிடைக்கும்.

காதுக்கு வேறுபாடு புலப்படுமா?

குறுந்தகட்டுத் தரத்துக்கு மேல் சென்றால் இசை எந்த அளவுக்கு மேம்படுகிறது என்ற கேள்விக்கு, ஆய்வுகள் தரும் விடை அடக்கமானது. அமெரிக்காவின் ஆடியோ இன்ஜினீயரிங் சொசைட்டியின் இதழில் 2007-இல் மேயர், மோரன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், உயர் தரப் பதிவையும் அதையே குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்த ஒலியையும் எது எதுவென அறிவிக்காமல் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தனர். 554 முயற்சிகளில் சரியான விடைகள் 276 மட்டுமே. இது நாணயத்தைச் சுண்டிவிட்டு விடை கூறுவதற்குச் சமம்.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், 18 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், ஒட்டுமொத்தமாக 52.3 சதவீத முயற்சிகளில் வேறுபாடு சரியாகக் கண்டறியப்பட்டிருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் இது சுமார் 60 சதவீதமாக இருந்தது. அதாவது, வேறுபாடு முற்றிலும் இல்லை எனக் கூற முடியாது. ஆனால் அது மிகச் சிறியது.

பதிவின் தரத்தை எந்தக் கருவியாலும் உயர்த்த முடியாது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. கௌஹர் ஜான் 1902-இல் கொல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த இசைத்தட்டை 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக மாற்றினாலும், அன்றைய ஒலிக்குழல் வாங்கியதைவிடக் கூடுதலாக எதுவும் அதில் சேர்ந்துவிடாது. எனவே, குறுந்தகட்டுத் தரத்தைக் குறைவின்றிப் பெறுவதே முதல் இலக்காக இருக்க வேண்டும். இந்திய வீடுகள் பலவற்றில் இந்த இலக்கே தவறிப்போகிறது.

முதலில் சேவை

பன்னாட்டு இதழ்களில் வெளியாகும் ஸ்ட்ரீமர் மதிப்புரைகள் பெரும்பாலும் டைடல், கோபஸ் ஆகிய சேவைகளை அடிப்படையாகக் கொண்டவை. உயர்தர ஸ்ட்ரீமர்களின் செயலிகளில் முதலிடம் பெறுபவையும் இவைதாம். ஆனால் இவ்விரண்டும் இந்தியாவில் முறைப்படி அறிமுகமாகவில்லை. வெளிநாட்டு முகவரியைக் காட்டித் தொடங்கப்படும் கணக்கு, எப்போது வேண்டுமானாலும் முடங்கலாம். அதை நம்பிப் பல லட்சம் ரூபாய் கருவியை வாங்குவது பாதுகாப்பானதன்று.

இந்தியாவில் முறைப்படி கிடைக்கும் சேவைகளில் ஆப்பிள் மியூசிக், 2021 ஜூன் முதல் கூடுதல் கட்டணமின்றி இழப்பற்ற தரத்தை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை வழங்கிவருகிறது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் இழப்பற்ற இசையை 2025 செப்டம்பர் முதல் படிப்படியாகப் பல நாடுகளில் வழங்கத் தொடங்கியது. எந்தக் கட்டணத் திட்டத்தில் இது அடங்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும். யூடியூப் மியூசிக் விநாடிக்கு 256 கிலோபிட் என்ற அளவிலும், ஜியோசாவன் 320 கிலோபிட் என்ற அளவிலும் சுருக்கப்பட்ட ஒலியை வழங்குகின்றன.

ஆகவே கடைக்குச் செல்லும் முன், குடும்பத்தினர் கேட்கும் இசை எந்தச் சேவையில் அதிகம் உள்ளது, அச்சேவை இழப்பற்ற தரத்தை வழங்குகிறதா, வாங்க நினைக்கும் ஸ்ட்ரீமர் அதை முழுத் தரத்தில் இயக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காண வேண்டும். மூன்றாவது கேள்வியில்தான் பலர் ஏமாற்றம் அடைகின்றனர்.

வழியில் குறையும் தரம்

ஆப்பிள் மியூசிக் பெரும்பாலான ஸ்ட்ரீமர்களின் செயலியில் நேரடியாக இடம்பெறுவதில்லை. ஐஃபோனிலிருந்து ஏர்பிளே வழியாக அனுப்பினால், ஒலி பொதுவாகக் குறுந்தகட்டுத் தரத்துக்கு மேல் செல்வதில்லை. சில சூழல்களில் அதற்கும் கீழான சுருக்கப்பட்ட வடிவிலேயே சென்றடைகிறது. ஆண்ட்ராய்டு அடிப்படையில் இயங்கும் சில ஸ்ட்ரீமர்களில் ஆப்பிள் மியூசிக் செயலியையே நிறுவிக்கொள்ள முடியும். மற்றொரு வழி, கணினியையோ திறன்பேசியையோ யூஎஸ்பி கேபிள் மூலம் வெளிப்புற மாற்றியுடன் இணைப்பது. 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை ஆப்பிள் கருவிகளில் கேட்க வெளிப்புற மாற்றி தேவை என அந்நிறுவனமே தெரிவித்துள்ளது.

கூகுள் காஸ்ட் முறை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்கிறது. ஸ்பாட்டிஃபை கனெக்ட் வசதியில் ஸ்ட்ரீமரே இசையை நேரடியாகப் பெறுகிறது. ஆனால் இழப்பற்ற தரம் கிடைக்க, அந்த மாடலுக்கு உரிய மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்க வேண்டும்.

புளூடூத் வசதிக்காக மட்டுமே பயன்படத்தக்கது. அதன் உயர்தர வடிவங்களுள் ஒன்றான எல்டாக் கூட விநாடிக்கு 990 கிலோபிட்டைத் தாண்டுவதில்லை. குறுந்தகட்டின் 1,411 கிலோபிட்டுடன் ஒப்பிட்டால் இதன் எல்லை விளங்கும்.

டிஏசி: இருமுறை பணம் செலுத்த வேண்டாம்

எண்களாக வரும் இசையை மின்னலைகளாக மாற்றும் பகுதி 'டிஏசி' எனப்படுகிறது. சில ஸ்ட்ரீமர்களில் இது உள்ளமைந்திருக்கும். சிலவற்றில் இருக்காது; அவை டிஜிட்டல் சமிக்ஞையை மட்டும் வெளியே அனுப்பும். இவற்றை 'டிரான்ஸ்போர்ட்' என்பர்.

வீட்டில் உள்ள ஆம்ப்ளிஃபயரிலோ, ஒலிப்பெருக்கம் உள்ளமைந்த ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ நல்ல டிஏசி ஏற்கெனவே இருந்தால், டிஏசி உள்ள விலை உயர்ந்த ஸ்ட்ரீமரை வாங்குவது ஒரே பணிக்கு இருமுறை பணம் செலுத்துவதாகும். பழைய ஆம்ப்ளிஃபயரில் அனலாக் உள்ளீடு மட்டுமே இருந்தால், டிஏசி உள்ளமைந்த ஸ்ட்ரீமர் தேவை. தொலைக்காட்சியின் ஒலியையும் இதே அமைப்பில் கேட்க விரும்புவோர், எச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பு உள்ள மாடலைத் தேர்ந்தெடுப்பது பயன்தரும்.

எம்க்யூஏ என்ற ஒலி வடிவத்தை ஏற்கும் திறனுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அவ்வடிவத்தை உருவாக்கிய நிறுவனம் 2023-இல் நிதி நெருக்கடியால் நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டது. அதை முன்னிறுத்திய டைடல் சேவையும் 2024-இல் ஃபிளாக் வடிவத்துக்கு மாறிவிட்டது.

மென்பொருளின் ஆயுள்

நல்ல ஆம்ப்ளிஃபயர் இருபது ஆண்டுகள் உழைக்கும். ஸ்ட்ரீமரின் பயன்பாட்டுக் காலத்தையோ அதன் மென்பொருள் தீர்மானிக்கிறது. கூகுள் நிறுவனம் தனது குரோம்காஸ்ட் ஆடியோ கருவியின் தயாரிப்பை 2019-இல் நிறுத்தியது. 2025 மார்ச் மாதத்தில், பாதுகாப்புச் சான்று காலாவதியானதால், வீடுகளில் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த அக்கருவிகளும் செயலிழந்தன. சில நாள்களுக்குப் பின் நிறுவனம் வெளியிட்ட திருத்தத்தால் அவை மீண்டும் இயங்கின. லாஜிடெக் நிறுவனம் 2012-இல் கைவிட்ட ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளுக்கான இணையச் சேவை 2024-இல் மூடப்பட்டது. எனினும், தன்னார்வலர்கள் பராமரிக்கும் திறந்தநிலை மென்பொருளின் துணையால் அக்கருவிகள் இன்றும் பல வீடுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவானது. ஒரே நிறுவனத்தின் செயலியை மட்டும் நம்பி இயங்கும் கருவியைவிட, யூபிஎன்பி, ஏர்பிளே, கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் எனப் பல வழிகளை ஏற்கும் கருவி நீண்ட காலம் பயன்படும். டிஜிட்டல் வெளியீடும் இருந்தால், பிற்காலத்தில் டிஏசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும் முன், அந்நிறுவனம் தனது ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய மாடலுக்கு இன்னும் புதுப்பிப்பு வழங்குகிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

வீட்டு இணைய இணைப்பு

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குக்கூடச் சுருக்கப்படாத நிலையில் விநாடிக்குச் சுமார் 9.2 மெகாபிட் வேகமே தேவை. எனவே, வீட்டு பிராட்பேண்டின் வேகம் பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. வீட்டுக்குள் வைஃபை சீராகச் சென்றடையாததே தடங்கலுக்குக் காரணமாகிறது. செங்கல், கான்கிரீட் சுவர்கள் வைஃபை அலைகளை வெகுவாகக் குறைக்கின்றன. ரவுட்டரிலிருந்து ஸ்ட்ரீமருக்கு ஈதர்நெட் கேபிள் இழுப்பதே சிறந்த தீர்வு. சாதாரண கேட்-6 கேபிள் இதற்குப் போதுமானது. பிணையத்தில் வரும் தரவு பிழை சரிபார்க்கப்பட்டு, கருவியின் நினைவகத்தில் சேமிக்கப்பட்ட பின்னரே ஒலியாக மாற்றப்படுகிறது. ஆகவே, 'ஒலிக்கான சிறப்பு ஈதர்நெட் கேபிள்' எனப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படுபவற்றுக்குச் செலவிட வேண்டியதில்லை.

திறன்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்போர் தரவின் அளவைக் கணக்கிட வேண்டும். குறுந்தகட்டுத் தர இசை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கப்படாத நிலையில் 635 மெகாபைட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் எனில் அது 4 கிகாபைட்டைத் தாண்டும். ஃபிளாக் வடிவில் இதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தாலும், நாளொன்றுக்கு 2 கிகாபைட் வழங்கும் திட்டம் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடக்கூடும்.

முதல் நாளில் கவனிக்க வேண்டியது

ஸ்ட்ரீமரை ஆம்ப்ளிஃபயருடன் இணைக்கும்போது ஒலி அளவு அமைப்பை முதலில் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் 'ஃபிக்ஸட்', 'வேரியபிள்' என இரு தெரிவுகள் உள்ளன. ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் திருகு உள்ள இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயருக்கு 'ஃபிக்ஸட்' பொருத்தமானது. அத்தகைய திருகு இல்லாத பவர் ஆம்ப்ளிஃபயருடனோ ஆக்டிவ் ஸ்பீக்கருடனோ 'ஃபிக்ஸட்' நிலையில் இணைத்தால், முதல் பாடலே முழு ஒலியில் வெளிப்பட்டு ஸ்பீக்கரைச் சேதப்படுத்திவிடும். அங்கு 'வேரியபிள்' நிலையைத் தேர்ந்தெடுத்து, ஒலியின் உச்ச வரம்பையும் நிர்ணயித்த பின்னரே இசைக்கத் தொடங்க வேண்டும்.

மின் இணைப்பிலும் கவனம் தேவை. இந்தியாவில் வழங்கப்படும் 230 வோல்ட் மின்சாரத்துக்கு உரிய மாடல்தானா என்பதைக் கருவியின் பின்புறத்தில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மூன்று முனைப் பிளக்கும் முறையான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. மின்னழுத்த ஏற்ற இறக்கம் உள்ள பகுதிகளில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி பயன்படும். ஸ்பீக்கரில் இடைவிடாத ரீங்காரம் கேட்டால், எல்லாக் கருவிகளையும் ஒரே மின் பலகையில் இணைத்துப் பார்க்க வேண்டும். கேபிள் டிவி இணைப்பைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால், இரு வேறு எர்த் பாதைகளே அதற்குக் காரணம்.

மாற்ற வேண்டிய அமைப்புகள்

இசைச் சேவையின் செயலியில் ஒலித் தரம் தானாகவே உயர்ந்தபட்ச நிலையில் இருக்கும் என எண்ணக் கூடாது. வைஃபை, மொபைல் தரவு, பதிவிறக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 'லாஸ்லெஸ்' தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடல்களின் ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி, ஒரு பாடலை அடுத்ததுடன் கலக்கும் 'கிராஸ்ஃபேடு' வசதி ஆகியவை மூலத் தரவை மாற்றுபவை. தூய ஒலியை நாடுவோர் அவற்றை நிறுத்திவைக்கலாம்.

பின்னர் ஓர் எளிய சோதனை தேவை. பாடல் ஒலிக்கும்போது ஸ்ட்ரீமரின் திரையிலோ டிஏசியின் விளக்கிலோ காட்டப்படும் அலைவெண்ணைக் கவனிக்க வேண்டும். சேவை 96 கிலோஹெர்ட்ஸ் எனக் குறிப்பிடும் பாடலுக்குக் கருவி 48 எனக் காட்டினால், இடையில் எங்கோ தரம் குறைக்கப்படுகிறது.

இரு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவும் சமமாக இருக்க வேண்டும். சற்றே உரத்து ஒலிக்கும் கருவியைச் சிறந்ததெனக் கருதுவது மனிதக் காதின் இயல்பு. விற்பனைக் கூடத்தில் இதைக் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் உரிமை. நன்கு பழகிய பதிவையே சோதனைக்குப் பயன்படுத்த வேண்டும். தம்பூராவின் சுருதி இழைந்து நீள்வதும், தபேலா அல்லது மிருதங்கத்தின் நாதம் அடங்கும் விதமும் வேறுபாட்டை உணர்த்தவல்லவை.

அறையே பெரிய கருவி

பளிங்கு அல்லது டைல்ஸ் தரை, பூச்சு மட்டும் உள்ள சுவர்கள், குறைவான திரைச்சீலை என அமைந்த வரவேற்பறையில் ஒலி எதிரொலித்துக் குழம்புகிறது. ஸ்பீக்கர்களுக்கும் கேட்பவருக்கும் இடையே தடித்த கம்பளம், பக்கச் சுவரில் திரைச்சீலை அல்லது புத்தக அலமாரி ஆகியவற்றால் ஏற்படும் மாற்றம், ஸ்ட்ரீமரை மாற்றுவதால் ஏற்படுவதைவிடப் பன்மடங்கு அதிகம். இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரின் இருக்கையும் சமபக்க முக்கோணமாக அமைவது நல்ல தொடக்கம். ஸ்பீக்கரைச் சுவரின் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் மிகையாகித் தெளிவு குறையும்.

சில ஸ்ட்ரீமர்களில் அறையின் ஒலியை மைக் மூலம் அளந்து திருத்தும் வசதி உள்ளது. டிராக் லைவ் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஒரே விலையில் இரு கருவிகள் இருந்தால், இந்த வசதி உள்ளதைத் தேர்ந்தெடுப்பது பயனுள்ளது.

சொந்தச் சேகரிப்பு

சேவைகளில் உள்ள இசை நிலையானதன்று. உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாடல்கள் 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீங்கின. ரெஸ்ஸோ செயலி 2024 ஜனவரியுடன் இந்தியாவில் மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் அதே ஆண்டில் விடைபெற்றது. பல ஆண்டுகளாகத் தொகுத்த பாடல் பட்டியல்களைப் பயனர்கள் வேறு சேவையில் மீண்டும் உருவாக்க நேர்ந்தது.

விலைமதிப்பற்ற பதிவுகளைச் சொந்தமாக வைத்திருப்பதே இதற்குத் தீர்வு. வீட்டில் உள்ள குறுந்தகடுகளை ஃபிளாக் கோப்புகளாக மாற்றி, யூஎஸ்பி சேமிப்பகத்திலோ பிணையச் சேமிப்பகத்திலோ வைத்தால், பெரும்பாலான ஸ்ட்ரீமர்கள் இணையம் இல்லாதபோதும் அவற்றை இயக்கும். கோப்புகளில் கலைஞர், ராகம், இயற்றியவர், கச்சேரி நடந்த ஆண்டு ஆகியவற்றைப் பதிந்துவைப்பது செவ்வியல் இசைக்கு மிகவும் தேவை. இன்னொரு நகலை வேறிடத்தில் பாதுகாக்கவும் வேண்டும்.

வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்தோ அங்கீகாரமற்ற விற்பனையாளரிடமிருந்தோ குறைந்த விலைக்கு வாங்கும் கருவிக்கு இந்தியாவில் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். வரி ரசீது, இந்தியப் பகிர்மான நிறுவனத்தின் உத்தரவாத அட்டை, பழுதுநீக்கும் மையம் அமைந்துள்ள நகரம் ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். முடிந்தால் சில நாள்கள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க விற்பனையாளரிடம் அனுமதி பெறுவது நல்லது.

செலவின் வரிசையில் ஸ்பீக்கருக்கும் அறைக்கும் முதலிடம் தர வேண்டும். அடுத்து ஆம்ப்ளிஃபயர், அதற்குப் பின்னரே ஸ்ட்ரீமர். இந்தியாவில் கிடைக்கும் சேவையை முழுத் தரத்தில் இயக்கி, கேபிள் இணைப்பில் தடங்கலின்றி ஓடி, ஆண்டுதோறும் புதுப்பிப்பு பெறும் நடுத்தர விலைக் கருவி, இவற்றுள் ஒன்றில் தவறும் பல லட்சம் ரூபாய் கருவியைவிட நல்ல இசையை வழங்கும்.